வீடியோ நம்முடையது, அதில் இருக்கிற முகம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ செயலிகளில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழில் அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. பாஸ்வேர்டைக் கடினமாக வையுங்கள், அக்கவுண்ட்டைப் பிரைவேட் ஆக்குங்கள், முன்பின் தெரியாதவர்களின் ரிக்வஸ்ட்டை ஏற்காதீர்கள் என்று எல்லோரும் வழக்கமாகச் சொல்வதுதான். தப்பு என்று சொல்லமாட்டேன், அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் கட்டுரை முழுக்க வெளியாள் எவனோ உள்ளே நுழைந்து திருடுவதைப் பற்றியே இருந்தது. நாமே கையால் எடுத்துக் கொடுப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம்முடையதைக் கொடுத்தால்கூடப் போகட்டும், அது அவரவர் விருப்பம். பெரும்பாலும் நாம் தூக்கிக் கொடுப்பது அடுத்தவர்களுடையதை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், சுருக்கிப் போட்டாலும் சரி, ஆனால் கடைசியில் உங்களுக்கென்றே எழுதியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

எந்த வீடியோ செயலியைப் புதிதாகப் போட்டாலும், உள்ளே போன கையோடு ஒரு கேள்வி வரும்: உங்கள் நண்பர்கள் யாரெல்லாம் இங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கலாமா? ரொம்ப நல்ல பிள்ளையாகக் கேட்கும். நாமும் சரி என்று அமுக்கிவிடுவோம். அந்த ஒரு அமுக்கலில் நம் போனில் சேர்த்து வைத்திருக்கும் அத்தனை பெயரும் எண்ணும் அந்தச் செயலியை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடுகிறது. நமக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், பழைய வீட்டு ஓனர், பிள்ளையின் டீச்சர், அடித்துத் துன்புறுத்திய கணவனை விட்டு வந்து யாருக்கும் தெரியாத புது எண்ணில் இருக்கும் தோழி, எல்லாரும் அதில் அடக்கம். அவர்களில் பலர் அந்தச் செயலியை ஒருநாளும் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர்கள் சார்பில் நாமே சம்மதம் சொல்லிவிட்டோம்.

எண்தானே, அதை வைத்து என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, ஏற்கனவே நடந்ததையே சொல்கிறேன். 2013 முடிந்து 2014 பிறக்கும் நேரத்தில் ஸ்னாப்சாட்டில் இருந்த 46 லட்சம் பேருடைய பயனர் பெயர்களும் செல்போன் எண்களும் வெளியே வந்தன. 2021 ஏப்ரலில் ஃபேஸ்புக் பயனர்கள் 53 கோடிப் பேருடைய எண்கள், பெயர் சகிதமாக, இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. இரண்டிலும் எவரும் யாருடைய பாஸ்வேர்டையும் உடைக்கவில்லை. பயன்பட்டது இந்த 'நண்பர்களைக் கண்டுபிடி' வசதிதான். வரிசையாக எண்களைத் தயாரித்து, அதெல்லாம் என் போனில் இருக்கும் நண்பர்களின் எண்கள் என்று செயலியிடம் கொடுத்தால், இந்த எண் இன்னாருடையது, அந்த எண் அன்னாருடையது என்று அதுவே பதில் சொல்லும். லட்சக்கணக்கில் கேட்டால் லட்சக்கணக்கில் சொல்லும். ஃபேஸ்புக் விஷயத்தில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. போட்டு என்ன செய்ய, செல்போன் எண்ணை யாரும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதில்லையே. அன்று வெளியானது இன்றைக்கும் மோசடிக் கும்பல்களின் கையில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கனவே சரி என்று சொல்லியிருந்தால் செட்டிங்ஸில் கான்டாக்ட்ஸ் சிங்க் என்று இருப்பதை அணைத்தால் மட்டும் போதாது, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அணைப்பது இனிமேல் போவதைத்தான் நிறுத்தும். முன்பு ஏற்றியதை அழிக்க அதே பக்கத்திலோ பக்கத்துப் பக்கத்திலோ தனியாக ஒரு வசதி இருக்கும், தேடிப் பிடித்து அதையும் அமுக்கவேண்டும். அப்புறம் போனின் சொந்த செட்டிங்ஸுக்குப் போய் அந்தச் செயலிக்கு கான்டாக்ட்ஸ் அனுமதியையே எடுத்துவிடலாம். ஒன்றும் கெட்டுப்போகாது, வீடியோ வழக்கம்போல ஓடும். கேலரிக்கும் அப்படித்தான். புதிய போன்களில் மொத்தக் கேலரியையும் திறந்துவிடாமல், இந்த இரண்டு படம் மட்டும் என்று பொறுக்கிக் கொடுக்க வழியிருக்கிறது. இருப்பிடத்தைத் துல்லியமாகக் கொடுக்காமல் தோராயமாகக் கொடுக்கவும் முடியும். கேமராவோ மைக்கோ ஓடும்போது திரையின் மேல் ஓரத்தில் சின்னதாகப் பச்சையோ ஆரஞ்சோ எரியும், ஐபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும் இந்த வசதி உண்டு. வீடியோவைச் சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும்போது அது எரிந்தால் என்ன சேதி என்று பார்க்கவேண்டும்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். எனக்குத் தொழில் வீடியோ எடிட்டிங். அதனால் மற்றவர்கள் வீடியோவாகப் பார்ப்பதை நான் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துப் பழகியவன். செல்போன் சாதாரணமாக விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும். ஒரு நிமிட ரீல் என்றால் 1800 போட்டோ. போட்டோ எடுக்கும்போது பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வையாவது பார்க்கிறோம், வீடியோவில் கை லேசாகத் திரும்பும் அந்த அரை விநாடியில் 15 போட்டோ எடுத்துவிட்டோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. என்னிடம் வரும் ஃபுட்டேஜில் நான் வழக்கமாகப் பார்ப்பது: கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சாவிக்கொத்து, மேஜையில் கிடக்கும் பார்சல் உறையில் முழு முகவரி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய மருந்துச் சீட்டு, குழந்தையின் அடையாள அட்டையில் பள்ளியின் பெயர், லேப்டாப் திரையில் திறந்தபடி இருக்கும் மெயில். எடுத்தவர் இதில் எதையும் எடுக்க நினைக்கவில்லை. ஓட்டத்தில் பார்க்கிறவர் கண்ணிலும் படாது. நிறுத்திப் பார்க்கிறவன் கண்ணில் படும், கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் நிறுத்தித்தான் பார்ப்பான்.

சாவி தெரிந்தால் என்ன என்று கேட்கலாம். 2008ல் அமெரிக்காவில் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாவியின் போட்டோவை மட்டும் வைத்து அதன் பல்வரிசையைக் கணக்கிட்டு மாற்றுச் சாவி செய்யமுடியும் என்று காட்டினார்கள். கிட்டத்தட்ட 200 அடி தூரத்தில், ஒரு கட்டடத்தின் மேலிருந்து, கீழே மேஜையில் கிடந்த சாவியைப் படமெடுத்தே செய்துகாட்டினார்கள். அது 2008ல் இருந்த கேமரா. இன்றைக்கு நம் சட்டைப்பையில் இருக்கும் கேமராவுக்கு, புது வீட்டுச் சாவியை ஒரு முழ தூரத்தில் ஆட்டிக் காட்டுகிறோம்.

ஜப்பானில் 2019ல் நடந்தது இன்னும் மோசம். ஒரு இளம் பாடகி போட்ட செல்ஃபியில் அவருடைய கண்பாவையில் தெரிந்த பிரதிபலிப்பைப் பெரிதாக்கி, அது எந்த ரயில் நிலையம் என்று கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, அங்கே போய்க் காத்திருந்து, வீடுவரை பின்தொடர்ந்து தாக்கினான் ஒருவன். அவர் வீட்டில் எடுத்துப் போட்ட வீடியோக்களில் திரைச்சீலை எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றெல்லாம் ஆராய்ந்ததாகவும் பிடிபட்ட பிறகு அவன் சொன்னதாகச் செய்தி வந்தது. அந்தப் பெண் எந்த முகவரியையும் எங்கேயும் எழுதவில்லை. லொகேஷனை அணைத்து வைத்தாலே போதும் என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கவேண்டும்.

ஆவணங்களும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020ல் தன் விமான போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த புக்கிங் எண்ணை வைத்துக்கொண்டு, கணினிப் பாதுகாப்பில் ஆர்வமுள்ள ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் செல்போன் எண்ணையும் எடுத்துவிட்டார். நல்லவேளை, எடுத்தவர் நல்லவர், உரியவர்களிடம் போய்ச் சொன்னார். ஒரு நாட்டையே ஆண்டவருக்கு இந்தக் கதி என்றால், தேர்வு ஹால்டிக்கெட்டையும் புது வேலையின் அடையாள அட்டையையும் லைவில் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டும் பிள்ளைகளை என்ன சொல்வது.

இதற்கு நான் சொல்லக்கூடிய வழி ஒன்றுதான், சலிப்பான வழி. போடுவதற்கு முன் வீடியோவைச் சத்தமில்லாமல் ஒருமுறை, விரலால் மெதுவாக நகர்த்தி, நடுவில் இருக்கும் ஆளைப் பார்க்காமல் நான்கு ஓரங்களை மட்டும் பாருங்கள். அப்புறம் படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பேருந்து நிறுத்த அறிவிப்பு, பின்னால் யாரோ போனில் சொல்லும் எண், குழந்தையை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் எல்லாம் அதில்தான் மாட்டும். ஊர்ப்பயணம், புது இடம் என்றால் அங்கிருந்து கிளம்பி வந்த பிறகு போடுங்கள், லைக் எங்கும் ஓடிவிடாது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. போடாமல் விட்டால் போகவில்லை என்று நினைக்கிறோம். டிக்டாக்கின் தனியுரிமைக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது, வீடியோவை நாம் எடுக்கும்போதோ கேலரியிலிருந்து உள்ளே கொண்டுவரும்போதோ அதை முன்கூட்டியே ஏற்றிக்கொள்வதுண்டு, நாம் அதைச் சேமித்தாலும் சரி, வெளியிட்டாலும் சரி, விட்டாலும் சரி என்று. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் இது ஒரு வரி. அதனால் எடுக்கலாமா வேண்டாமா என்று தயக்கமிருக்கும் எதையும் செயலியின் கேமராவில் எடுக்காதீர்கள். போனின் கேமராவில் எடுத்து, வெட்டி ஒட்டி முடித்து, போடுவது என்று உறுதியான பிறகு உள்ளே கொண்டுபோங்கள்.

லிங்க்கை அனுப்புவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஷேர் பட்டனை அமுக்கி எடுக்கும் லிங்க் வெறும் வீடியோ முகவரி மட்டும் கிடையாது, யார் அனுப்பியது என்று செயலி அறிந்துகொள்ள ஒரு வாலும் அதில் ஒட்டியிருக்கும். டிக்டாக் லிங்க்கைத் திறப்பவருக்கு, இதை அனுப்பியவர் இன்னார் என்று நம் அக்கவுண்ட்டையே காட்டிவிடுவதுண்டு. பெயர் தெரியாமல் ஒரு அக்கவுண்ட் வைத்துக்கொண்டு மனதில் இருப்பதை எழுதும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அலுவலக குரூப்பில் ஒரு சமையல் வீடியோ லிங்க்கைப் போட்டு மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. இன்ஸ்டாகிராம் லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை அழித்துவிட்டு அனுப்பலாம். யூடியூப் ஷேர் பட்டன் தரும் குட்டி லிங்க்கிலும் அப்படியே. (யூடியூபின் நீள முகவரியில் வீடியோவின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பிறகுதான் வரும், அதைக் கத்தரித்தால் வீடியோ திறக்காது, பதறவேண்டாம்.)

பிரைவேட் என்ற சமாதானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எண்ணூறு ஃபாலோயர் இருக்கும் பிரைவேட் அக்கவுண்ட்டில் ஒரு வீடியோ போட்டால் எண்ணூறு பேரிடம் போட்டதாகத்தான் அர்த்தம், அவர்களில் ஒருவர் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை அமுக்கினால் கதை முடிந்தது. யூடியூபில் அன்லிஸ்டட் என்றால் தேடலில் வராது, அவ்வளவுதான், லிங்க் கையில் கிடைத்த யாரும் பார்க்கலாம். பார்த்ததும் மறைந்துவிடும் என்று சொல்லிப் பெயர் வாங்கிய ஸ்னாப்சாட்மீது அமெரிக்காவின் எஃப்டிசி (நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பு) 2014ல் நடவடிக்கை எடுத்ததே அந்தப் பேச்சு உண்மையில்லை என்பதற்காகத்தான். வந்த வீடியோ போனில் சாதாரணக் கோப்பாக உட்கார்ந்திருந்தது, கணினியில் சொருகினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில்.

இப்போது குழந்தைகள். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை.

2019ல் பிரேசிலில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியும் அவள் தோழியும் வீட்டு நீச்சல் தொட்டியில் விளையாடும் வீடியோவை யூடியூபில் போட்டார்கள். அம்மாவுக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பார்வை எண்ணிக்கை 4 லட்சத்தைத் தொட்டது. எப்படி? இதுபோன்ற பிள்ளைகளின் வீடியோக்களையே தேடித் தேடிப் பார்க்கும் ஆட்களுக்கு, அடுத்து இதைப் பார் என்று சிபாரிசு எந்திரமே இதை எடுத்துக் கொடுத்திருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், சிறுவர்கள் வரும் பெரும்பாலான வீடியோக்களில் கமெண்ட் வசதியையே யூடியூப் மூடவேண்டி வந்தது. காரணம், இத்தனையாவது நிமிடம் இத்தனையாவது விநாடி என்று கமெண்டில் குறித்து வைத்துக்கொண்டிருந்தார்கள், குழந்தை குனியும் இடத்தை, உடை விலகும் இடத்தை. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் எழுதாமல், 'குழந்தைகள் வீடியோவில் கவனம் தேவை' என்று பொத்தாம்பொதுவாக முடித்தால் எந்தப் பெற்றோருக்கும் உறைக்காது. அம்மா கண்ணுக்கு விளையாட்டாகத் தெரிவதை வேறு ஒருவன் வேறு மாதிரிப் பார்க்கிறான், அப்படிப் பார்ப்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு எந்திரமும் இருக்கிறது.

நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பவும் வழியில்லை. 2020ன் பிற்பாதியில் டிக்டாக்கில் சேர்ந்த சிறுவர்களின் அக்கவுண்ட் தானாகவே பப்ளிக்காக இருந்தது, அதற்காக 2023 செப்டம்பரில் 34.5 கோடி யூரோ அபராதம். இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதுப் பிள்ளைகள் பிசினஸ் அக்கவுண்ட்டுக்கு மாறியபோது அவர்களுடைய செல்போன் எண்ணும் மெயில் முகவரியும் வெளியே தெரிந்தன, அதற்காக 2022ல் 40.5 கோடி யூரோ. பிள்ளைகள் ஏன் பிசினஸ் அக்கவுண்ட்டுக்குப் போனார்கள் என்றால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற புள்ளிவிவரம் அதில்தான் கிடைக்கும். வியாபாரம் செய்ய அல்ல. செட்டிங்ஸில் அந்தச் சின்ன மாற்றத்தைப் பிள்ளை செய்திருக்கிறதா என்று உங்கள் வாசகர்கள் இன்றைக்கே பார்க்கலாம்.

ஆனால் நிறுவனத்தைவிட முதலில் கேட்கவேண்டியது நம்மை. அடி வாங்கி அழும் பிள்ளை, மதிப்பெண் குறைந்ததற்குத் திட்டு வாங்கும் பிள்ளை, தூக்கத்தில் உளறும் பிள்ளை, எல்லாம் கன்டென்ட் ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வயது அது. பிரான்சில் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் உருவப்படத்தைக் காக்கவேண்டிய பொறுப்பு பெற்றோர் இருவருக்கும் உண்டு, ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் வெளியிடக்கூடாது என்று நீதிபதி தடுக்கலாம். சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. பேசத் தெரிந்த பிள்ளையிடம் காட்டி, போடட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும், கெஞ்சக்கூடாது.

அக்கவுண்ட் திருட்டைப் பற்றி உங்கள் கட்டுரையே நிறையச் சொல்லிவிட்டதால் அதில் விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன். சேனல் நடத்துபவர்களுக்கு, உங்கள் வீடியோவுக்கு விளம்பரம் தருகிறோம், ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறோம் என்று மெயில் வரும். இணைப்பைத் திறந்தால் பிரவுசரில் லாகின் ஆகியிருப்பதற்கான அடையாளத்தையே ஒரு நிரல் உருவி அனுப்பிவிடும். அதன்பிறகு பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை, ஏற்கனவே உள்ளே இருப்பவன்போல வந்து உட்கார்ந்துகொள்வான். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய தொழில்நுட்ப சேனலே இப்படித்தான் பறிபோய் மீண்டது. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு எண்ணும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பு போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கமுடியாது என்பதற்குச் சொல்கிறேன், போடவேண்டாம் என்பதற்கு இல்லை. போடுங்கள், எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைவிட அதற்கான தனிச் செயலியோ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் பூட்டைத் திறப்பதுபோலவே உள்ளே நுழையவிடும் பாஸ்கீயோ நல்லது. பாதுகாப்புக்கு என்று வாங்கிய செல்போன் எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாக 2022ல் ட்விட்டர் 15 கோடி டாலர் கட்டியிருக்கிறது என்பது எஸ்எம்எஸ்ஸைத் தவிர்க்க இன்னொரு காரணம்.

இங்கேயும் அடுத்தவர் கதைதான். உங்கள் அக்கவுண்ட் போனால் போவது உங்கள் வீடியோ மட்டுமா? உங்களை நம்பி இன்பாக்ஸில் அழுதவர்கள், அனுப்பிய படங்கள், சொன்ன ரகசியங்கள் எல்லாம் சேர்ந்து போகும். பழைய டிஎம்களை அவ்வப்போது அழியுங்கள். செயலிக்குள்ளேயே திறக்கும் லிங்க்கில் பாஸ்வேர்டு, கார்டு எண் எதையும் அடிக்காதீர்கள். அந்த உள் பிரவுசர், திறக்கும் பக்கங்களில் தன் சொந்த நிரலைச் சேர்க்கிறது என்றும், டிக்டாக்கில் அது விசை அழுத்தங்களைக் கவனிக்கவும் வசதி உள்ளது என்றும் ஃபெலிக்ஸ் க்ராஸ் என்ற மென்பொருள் ஆய்வாளர் 2022ல் காட்டினார். பிழை பார்ப்பதற்கு வைத்திருக்கிறோம், அப்படிப் பதிவு செய்யவில்லை என்று நிறுவனம் சொன்னது. இருக்கலாம். நாம் வெளி பிரவுசரில் திறந்துவிட்டால் அந்த விவாதமே வேண்டாம்.

குரல் விஷயமும் புதிது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெறும் 3 விநாடிக் குரலைக் கொண்டு அதேபோலப் பேசவைக்கும் முறையை வெளியிட்டார்கள், மார்ச்சிலேயே அமெரிக்க எஃப்டிசி, பிள்ளையின் குரலில் பணம் கேட்டு போன் வந்தால் உஷார் என்று எச்சரிக்கை விட்டது. தினமும் ரீல்ஸில் பேசும் பையனின் குரல் 3 விநாடிக்குக் கிடைக்காதா என்ன. ஏமாறப்போவது பையன் அல்ல, வீட்டில் இருக்கும் பாட்டி. பதற்றமான போன் வந்தால் வைத்துவிட்டு, தெரிந்த எண்ணுக்குத் தாமே திருப்பிக் கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் மீறி அந்தரங்கப் படம் வெளியே போய்விட்டது, அல்லது போட்டுவிடுவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான் என்றால்? பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நிற்காது, மறுபடி கேட்பான். பயத்தில் அவனோடு நடந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், அவன் அக்கவுண்ட்டின் முகவரி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பிளாக் செய்யுங்கள், போலீசுக்கு அது வேண்டும். 'ஸ்டாப் என்சிஐஐ' என்று ஒரு இலவச சேவை 2021 முதல் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பவேண்டாம், நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை எடுத்து, அந்தக் கைரேகையை மட்டும் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குக் கொடுப்பார்கள். அதே படத்தை யாராவது ஏற்றினால் தளம் அடையாளம் கண்டு தடுக்கும். இது பெரியவர்களுக்கு. 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்று தனிச் சேவை. இதில் சேராத தளங்களில் பலிக்காது என்பதையும் சொல்லிவிடவேண்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அந்த நேரத்தில், ஏன் அனுப்பினாய் என்ற கேள்வியைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் மிரட்டுகிறவன் சொன்னதையெல்லாம் செய்கிறார்கள்.

இனி உங்களுக்கு. உங்கள் நாளிதழுக்கு ஒரு இணையதளமும் வீடியோ பக்கமும் இருக்கிறது. வைரல் வீடியோ என்று தினமும் ஏதாவது வருகிறது. வாசகருக்குத் தனியுரிமைப் பாடம் எடுக்கும் அதே நாளில், நடுரோட்டில் குடும்பச் சண்டையில் அழும் பெண்ணின் முகத்தைத் தலைப்புப் படமாக வைத்தால் எப்படி? பல வீடியோக்களில் முகத்தை மறைத்திருக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், மறைத்தது பாதிதான். தலை திரும்பும்போது, முகத்தைப் பின்தொடர்ந்து மங்கலாக்கும் பிளர் ட்ராக்கிங் நழுவி நாலைந்து ஃபிரேம் முகம் அப்பட்டமாகத் தெரிகிறது, நிறுத்திப் பார்த்தால் யார் என்று சொல்லிவிடலாம். உள்ளே மறைத்துவிட்டு தம்ப்நெயிலில் மறைக்க மறந்திருக்கிறார்கள். முகத்தை மறைத்துவிட்டுப் பின்னால் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அப்படியே விட்டிருக்கிறார்கள். செல்போன் எண், வண்டி எண் போன்றவற்றைக் கட்டம் கட்டமாகக் கலைத்துப் போடுகிறீர்கள். அப்படிக் கலைத்த எழுத்தைத் திரும்பக் கூட்டி எடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்தாக இருந்தால் கறுப்புப் பட்டைதான், வேறு வழியில்லை. முகத்துக்கும் சந்தேகமிருந்தால் அந்த ஷாட்டையே வெட்டுங்கள், அந்த நான்கு விநாடி இல்லாமல் எந்தச் செய்தியும் செத்துப்போகாது.

எங்கிருந்தோ எடுத்த வீடியோவுக்கு 'நன்றி: சமூக ஊடகம்' என்று போடும் பழக்கத்தையும் விடலாம். அதில் இருப்பவர் நீக்கச் சொல்லிக் கேட்க ஒரு மெயில் முகவரியை அந்தப் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியும் அளவு எழுத்தில் போடுங்கள், கேட்டவருக்கு ஒரு நாளைக்குள் பதில் சொல்ல ஒருவரை நியமியுங்கள். பள்ளி மாணவர்கள் இருவர் வகுப்பறையில் அடித்துக்கொள்ளும் வீடியோ ஒன்று இதை எழுதும் நேரத்தில் உங்கள் தளத்தில் முகம், சீருடை, சட்டையில் தைத்த பள்ளியின் பெயர் சகிதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்